பழைய ஸ்போர்ட்ஸ் காரும் மலைநாட்டு டிராக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் நெருங்கினால் என் போன் ஓயாது. நுவரெலியா சீசனில் மஹகஸ்தோட்ட கார் மலையேற்றப் போட்டி (1934இல் தொடங்கியது, தாத்தா காலத்துச் சங்கதி), நானுஓயாப் பக்கம் ரதல்ல, அப்புறம் தியத்தலாவையில் ஃபொக்ஸ் ஹில். இதையெல்லாம் பார்த்துவிட்டு வரும் தம்பிமார் ஆளுக்கொரு பழைய காரைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்க வந்துவிடுவார்கள். சொன்னதையே திரும்பச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

என்னுடையது ஹொண்டா சிவிக் இஜி6. பி16ஏ எஞ்சின், 1,595 சிசி, ஜப்பானில் விற்றபோது 170 குதிரைசக்தி. வீடு ஹட்டன் பக்கம். அப்பா தேயிலை பேக்டரியில் பிட்டராக இருந்தவர், ஸ்பேனர் பிடிக்கக் கற்றுத் தந்தவர் அவர்தான். உதாரணங்கள் பெரும்பாலும் சிவிக்கிலிருந்து வரும். லான்சர், இம்ப்ரெசா, ஸ்டார்லட் வைத்திருப்பவர்கள் பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, பழைய கார்னா எவ்வளவு பழசு? என் காரு தேறுமா?

வருடத்தை விடுங்கள். பாடியைப் பாருங்கள். எஞ்சின், கியர்பெட்டி எல்லாம் மாற்றக்கூடிய சாமான்கள். துருப்பிடித்த பாடியை மாற்ற முடியாது. நம் பக்கம் வருடத்தில் பாதி நாள் ஈரம். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், நோர்வூட் பக்கம் தென்மேல் பருவமழை ஊற்றும். ஆண்டுக் கடைசியில் பதுளைப் பக்கம் வாடைக்காற்று மழை. கராஜில் நிறுத்தினாலும் மிஸ்ட் உள்ளே வரும்.

பின்சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவை விரலால் அழுத்துங்கள், பெயின்ட் குமிழ் விட்டிருந்தால் அடியில் தகடு போய்விட்டது. பிறகு டிக்கியைத் திறந்து ஸ்பேர் வீலைத் தூக்குங்கள். இந்த சிவிக்குகளில் பின்லைட் ரப்பர் காய்ந்து, மழைத்தண்ணி அந்தக் குழிக்குள் இறங்கும். நான் கார் வாங்கிய அன்று அடியில் இருந்த ரப்பர் மூடியைப் பிடுங்கினேன். அரை வாளி பழுப்புத் தண்ணியும் ஒரு தேயிலைக் கொழுந்தும் வந்தது.

வாங்கினதும் முதல்ல என்ன போடணும்? எக்ஸோஸ்ட்டா, இன்டேக்கா?

இரண்டும் வேண்டாம். முதல் வருடம் புதிதாக எதுவுமே பூட்டாதீர்கள், ஜப்பான் பேக்டரியிலிருந்து வந்த நிலைக்கு முதலில் காரைக் கொண்டு வாருங்கள். முப்பது வருடக் காரில் 170 குதிரை இருக்கிறது என்று நினைத்து மேலே பத்துக் குதிரை சேர்க்கப் பார்க்கிறோம். நடைமுறையில் அதில் ஒரு பகுதி தேய்ந்துபோன பிளக், அடைத்த பில்டர், கம்ப்ரஷன் (உள்ளே காற்றை நசுக்கும் அழுத்தம்) குறைந்த சிலிண்டர் என்று காணாமல் போயிருக்கும்.

கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். கூலன்ட், பிரேக் ஒயில், கியர் ஒயில் மூன்றையும் மாற்ற வேண்டும். ரேடியேட்டர் ஹோஸ்களை விரலால் நசுக்கிப் பார்த்து, கரகரவென்று சத்தம் வந்தால் கழற்றி எறியுங்கள். எஞ்சின் மவுன்ட், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் ரப்பர், ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயது ஏறும். சிவிக்கில் பின் டிரெய்லிங் ஆர்ம் புஷ் (பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையின் ரப்பர்) கிழிந்திருக்காத கார் இதுவரை என் கண்ணில் படவில்லை. அது கிழிந்தால் வளைவில் பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். ஆட்கள் அதை 'காருக்கு குணம் அப்படி' என்று சொல்லிக்கொண்டு ஓட்டுகிறார்கள்!

இவ்வளவும் முடிந்த பிறகு ஒரு நாள் டிராக்கில் ஓட்டுங்கள். எது குறை என்று காரே காட்டிவிடும். பெரும்பாலும் அது பவராக இருக்காது.

டைமிங் பெல்ட் பார்க்க நல்லாத்தானே இருக்கு?

பார்வைக்குத் தெரியாது. பி16ஏ எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும், எஞ்சின் அன்றோடு சரி. ஒரு லட்சம் கிலோமீட்டர் என்று கணக்குச் சொல்வார்கள். ஆனால் மலைநாட்டுக் கார் வருடக்கணக்கில் நின்றே கிழடாகும், மீட்டரும் நம்பக்கூடியது இல்லை. எப்போது மாற்றினார்கள் என்று பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். டென்ஷனரும் வாட்டர் பம்பும் கூடவே போகட்டும். கூலி ஒன்றுதான்.

நுவரெலியாவுல காரு இழுக்கவே மாட்டேங்குது. எஞ்சின் போயிடுச்சா?

போகவில்லை. காற்று இல்லை. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் நூறு மீட்டருக்கு ஒரு சதவீதம் போல பவரை இழக்கும். கொழும்பில் 170 குதிரை காட்டும் கார் மஹகஸ்தோட்டயில் நிற்கும்போது 140 பக்கம்தான். பக்கத்தில் நிற்பவனுக்கும் அதே கதி, கவலைப்படாதீர்கள். காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ கார் மட்டும் கொஞ்சம் சமாளித்துக்கொள்ளும்.

இன்ஜெக்ஷன் கார் அழுத்தத்தை அளந்து பெற்றோலைத் தானே குறைத்துக்கொள்ளும். காபரேட்டர் காருக்கு அந்த அறிவு கிடையாது. கொழும்பில் செட் பண்ணிய பழைய மினியையும் ஸ்டார்லட்டையும் மேலே கொண்டுவந்தால் பெற்றோல் கூடிப்போய் கறுப்புப் புகை விடும், பிளக் கரி பிடிக்கும். பெற்றோல் வரும் துளையான ஜெட்டைச் சின்னதாக்க வேண்டும். திரும்பி இறங்கும்போது மறக்காமல் பழைய ஜெட்டைப் போடுங்கள், இல்லையென்றால் கீழே பெற்றோல் போதாமல் பிஸ்டன் உருகும். வலி அப்போதுதான் ஆரம்பம்.

ரம்பொடை இறங்கினா பிரேக் பெடல் தரைக்குப் போகுது. பெரிய டிஸ்க் போடவா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது, உயிர் சம்பந்தப்பட்டதும் இதுதான். முதலில் எது நடந்தது என்று பிரித்துப் பாருங்கள். பெடல் பஞ்சுபோல் மெத்தென்று தரைவரை போனால் பிரேக் ஒயில் கொதித்து ஆவியாகிவிட்டது. பெடல் கல்மாதிரி கெட்டியாக நின்று, கார் மட்டும் நிற்கவில்லை என்றால் பேட் சூடேறி வழுக்குகிறது. முதலாவதற்கு நல்ல ஒயில் போட வேண்டும். இரண்டாவதற்குப் பேட். பெரிய டிஸ்க் என்ற யோசனை இவை இரண்டும் முடிந்த பிறகு.

பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 ஒயில் குறைந்தது 205 பாகையில் கொதிக்க வேண்டும் என்பது தரம், ஈரம் சேர்ந்தால் அது 140க்கு இறங்கிவிடும். டொட் 4 என்றால் 230, ஈரத்தோடு 155. டொட் 5.1 என்றால் 260, ஈரத்தோடு 180. நம் ஊர் ஈரத்தில் வருடத்துக்கு ஒரு தடவை முழுசாக மாற்றுங்கள், டிராக் நாளுக்கு முந்தின வாரமும் மாற்றுங்கள். டொட் 5 என்று தனியாக ஒன்று இருக்கிறது, அது சிலிக்கோன். மற்றதோடு கலக்கக் கூடாது. பெயரைப் பார்த்து 5.1 என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

பேட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ரேஸ் பேட் சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் பன்னிரண்டு பாகைக் குளிரில் வீட்டு வாசலில் இருந்து இறங்கும்போது முதல் வளைவில் பிடிக்காது. வீட்டுக்கும் டிராக்குக்கும் ஒரே காரில் போகிறவர்கள் நடுத்தரச் சூட்டுக்கான பேட் வாங்குங்கள். ஓடி முடித்ததும் ஹேண்ட்பிரேக் இழுக்க வேண்டாம். சூட்டு டிஸ்க்கில் பேட் ஒட்டித் தடம் பதியும். கியரில் போட்டு, டயருக்கு ஒரு கல் வையுங்கள். லொறிக்காரர்கள் எப்போதும் செய்கிறதுதானே.

இன்னொன்று, இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினால் பிடியுங்கள். ரதல்ல குறுக்கு வீதியில் பிரேக் விட்ட வாகனங்களின் கதை ஹட்டன் பக்கம் எல்லோருக்கும் தெரியும். காரில் எத்தனை சாமான் பூட்டினாலும் அந்தப் பழக்கம் இல்லையென்றால் பிரயோசனம் இல்லை.

டயர் நல்லா பட்டன் இருக்கே, ஏன் மாத்தச் சொல்றீங்க?

பட்டனைப் பார்க்காதீர்கள், ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும், அதைப் பாருங்கள். 3216 என்றால் 2016ஆம் ஆண்டு 32வது வாரம் செய்தது. அந்த ரப்பர் இப்போது மரக்கட்டை. ஈரத் தார் ரோட்டில் அதன் லட்சணம் தெரியும். எனக்கு ஆயிரம் ரூபா இருந்தால் அறுநூறை டயருக்கும் பிரேக்குக்கும் போடுவேன்.

காற்றைப் பற்றி ஒரு சுவாரஸ்யம். கொழும்பிலிருந்து நுவரெலியா வரும்போது வெளியழுத்தம் குறைவதால் கேஜில் மூன்று பிஎஸ்ஐ போல ஏறிக் காட்டும். ஆனால் முப்பது பாகையிலிருந்து பதினைந்துக்குக் குளிர்வதால் இரண்டு பிஎஸ்ஐக்கு மேல் இறங்கும். இரண்டும் ஏறத்தாழ ஒன்றையொன்று விழுங்கிவிடும். அதனால்தான் யாரும் இதைக் கவனிப்பதில்லை. வந்து இறங்கி ஒரு மணி நேரம் ஆறவிட்டு, ஓடப்போகிற இடத்திலேயே அளந்து கொள்ளுங்கள்.

ஸ்பிரிங்க வெட்டிப் பதிச்சா வளைவுல நல்லா நிக்கும்னு சொல்றாங்களே?

சொல்கிறவன் வெட்டுக் கூலி வாங்குகிறவன். வெட்டிய ஸ்பிரிங் குதிக்கும்போது இருக்கையை விட்டு நழுவும், பழைய ஷொக்குக்கு அந்த நீளம் ஒத்துவராது. தோட்டத்து ரோட்டில் கொங்கிரீட் வடிகாலும் பள்ளமும் இருக்க, அடித்தகடு முதல் நாளே உரசும். நல்ல ஷொக்கும் அதற்குப் பொருந்திய ஸ்பிரிங்கும் போட்டு, பதிப்பதை 30 மில்லிமீட்டருக்குள் நிறுத்துங்கள். அதற்குப் பிறகு அலைன்மென்ட். கொழும்பு பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடையில் வாங்கிய செகண்ட்ஹேண்ட் ஷொக்கைப் போட்டுவிட்டு அலைன்மென்ட் மெஷினைக் குறை சொல்லாதீர்கள்.

வெயில்ல ஒரு ரவுண்ட் ஓடி நிறுத்தினா திரும்ப ஸ்டார்ட் ஆகல. பெற்றோல் பம்பா?

எனக்கும் நடந்தது. களுத்துறைப் பக்கம் கட்டுகுருந்த டிராக்கில் நடுமத்தியானம், கார் உள்ளே அடுப்பு. செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. ஒரு கராஜ்காரர் பம்ப் போய்விட்டது என்று சொல்லிப் புதியதற்கு விலையும் சொல்லிவிட்டார். கண்ணாடியை இறக்கி, அரை மணி நேரம் இளநீர் குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்.

பழைய ஹொண்டாக்களில் டேஷ்போர்டுக்கு அடியில் மெயின் ரிலே என்று, பம்புக்குக் கரன்ட் அனுப்பும் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. உள்ளே ஈயப் பற்று முடிபோல வெடிக்கும். சூட்டில் அந்த வெடிப்பு விரிந்து தொடர்பு அறும், ஆறினால் மறுபடி ஒட்டும். சாவியை ஓன் பண்ணியதும் பின்சீட்டுப் பக்கம் பம்ப் இரண்டு செக்கன் 'ம்ம்ம்' என்று முனக வேண்டும். சத்தம் இல்லையென்றால் முதலில் ரிலேயைச் சந்தேகியுங்கள். நான் கழற்றிப் பற்றுக்கோலால் எல்லாப் புள்ளியையும் திரும்ப உருக்கினேன். செலவு, ஒரு சாண் ஈயக் கம்பி.

என்ன ஒயில் போடணும்? எப்ப மாத்தணும்?

தேய்ந்த எஞ்சினுக்கு, டிராக்குக்கு, 10டபிள்யூ-40 போதும். நுவரெலியாக் குளிர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கோலில் மேல் கோடு வரை நிரப்பியே ஓடுங்கள். நீண்ட வளைவில் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கும், குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். இரண்டு டிராக் நாளுக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள். காலையில் தண்ணிச் சூடு காட்டும் முள் நடுவுக்கு வந்தவுடன் ஒயிலும் சூடாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், ஒயில் பிந்தித்தான் சூடாகும். விடெக் (வேகச் சுற்றில் வால்வைக் கூடத் திறக்கும் ஹொண்டா அமைப்பு) வேலைசெய்யத் தொடங்கும் 5,500 சுற்றுக்கு மேல் போக இன்னும் சில நிமிடம் பொறுங்கள்.

92 அடிச்சா என்ன? அப்படியே டர்போவும் போட்டுட்டா?

இந்த எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம் 10.4, ஜப்பானின் ஹை ஒக்டேன் பெற்றோலுக்காகச் செய்தது. நம் ஷெட்டில் கிடைப்பதில் 95தான் இதற்குக் கிட்ட வரும். மேலே காற்று மெலிதாக இருப்பதால் 92 அடித்தாலும் தட்டல் சத்தம் (சிலிண்டருக்குள் பெற்றோல் தானாக வெடிப்பது) வராமல் போகலாம். அதே டேங்கோடு கீழே போய் முழு மிதி மிதித்தால்தான் தெரியும்.

டர்போவுக்கு என் பதில் எப்போதும் ஒரே கேள்விதான்: மேலே இரண்டாவது கேள்வியில் சொன்னது எல்லாம் முடிந்ததா? முடித்தவர்கள் இதுவரை யாரும் திரும்பி வரவில்லை.

பார்ட்ஸ் எங்க தேடுறது?

கொழும்பு பஞ்சிகாவத்தை, இல்லையென்றால் ஜப்பானிலிருந்து நேரே வரவழைப்பது. 2020இல் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியாருக்குத் திறந்தது என்றாலும், வயது வரம்பு இருப்பதால் முப்பது வருடக் காரை முழுசாக இறக்க வழியில்லை. ஆகவே நாட்டில் இருக்கும் உடைத்த கார்கள்தான் களஞ்சியம். இரும்பு, அலுமினியம் பழையதாக வாங்கலாம். ரப்பர், பெல்ட், பிரேக் பேட் புதியதாக மட்டும். பேட் பெட்டியின் அச்சு மங்கலாக இருந்தால் கடையை விட்டு வெளியே வாருங்கள்.

ராத்திரி ரோட்டுல ஆள் இல்ல, அங்க பழகலாமே?

ஆள் இருக்கிறார்கள். விடியக்காலை மூன்று மணிக்கு மரக்கறி லொறி இறங்கும், நைட் ஷிப்ட் முடிந்து பேக்டரியிலிருந்து நடந்து வருகிறவர்களுக்கு ரோட்டோரமே பாதை. மிஸ்டில் பத்தடி தெரியாது. வேண்டாம் தம்பி.

பைக் ஹெல்மெட் போட்டுக்கிட்டா போதாதா?

போதாது. கார் போட்டிக்கான ஹெல்மெட்டின் உள்துணி தீப்பிடிக்காத வகை. பைக் ஹெல்மெட்டுக்கு அந்தச் சோதனை இல்லை. போட்டி நடத்தும் கழகத்தின் விதியைக் கேட்டுவிட்டு வாங்குங்கள், உள்ளே பூட்டும் கம்பிக் கூடு, சீட் பெல்ட், தீயணைப்பு உருளைக்கும் அதேதான். ஓடும் முன் ஜாக்கி, ஸ்பேர் வீல், டேஷ்போர்டில் இருக்கும் பிள்ளையார் உட்பட எல்லாவற்றையும் காரை விட்டு இறக்கி வையுங்கள். கவிழ்ந்தால் உள்ளே பறக்கும். பிள்ளையார் சட்டைப்பையில் வரட்டும்.

புள்ளைகளோட பார்க்க வரலாமா? எங்க நிக்கிறது?

வரலாம், தடுப்புக்குப் பின்னால், உயரமான இடத்தில் மட்டும். வளைவின் வெளிப்பக்கம் நிற்கவே கூடாது. பிடி விட்ட கார் அங்கேதான் வரும். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவையில் ஓடுபாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர்கள் மேல் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள், ஒரு சிறு பிள்ளையும் சேர்த்து. தடுப்பு இல்லாத இடத்தில் நல்ல போட்டோ கிடைக்கும் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்.

லைசன்ஸ், இன்சூரன்ஸ் பிரச்சினை வருமா?

எஞ்சின் மாற்றினால் மோட்டார் வாகனத் திணைக்களத்தில் பதிய வேண்டும். வருடா வருடம் புகைச் சோதனை தேறினால்தான் வருமான அனுமதிப்பத்திரம், ஆகவே புகையைச் சுத்தமாக்கும் கட்டலிட்டிக்கைக் கழற்றி எறியாதீர்கள். காப்புறுதிப் பத்திரத்தில் பந்தயத்தை விலக்கி ஒரு வரி இருக்கும். வாசியுங்கள்.

நுவரெலியாவுல வச்சு ஈசியூ டியூன் பண்ணினேன், சூப்பரா ஓடுச்சு. கட்டுகுருந்தவுல ஏன் தட்டுது?

இது கொஞ்சம் சிக்கலான விஷயம். எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குள் ஒரு பெரிய கட்டப்படம் இருக்கிறது. ஒரு பக்கம் எஞ்சின் சுற்று, மறுபக்கம் உள்ளிழுக்கும் அழுத்தம். ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு பெற்றோல், எப்போது தீப்பொறி என்று எழுதியிருக்கும். மேலே எவ்வளவு மிதித்தாலும் டர்போ இல்லாத எஞ்சினுக்குள் அழுத்தம் 80 கிலோபாஸ்கலைத் தாண்டாது, ஏனென்றால் வெளியே இருப்பதே அவ்வளவுதான். 90, 100 என்று உள்ள கட்டங்களை உங்கள் கார் அங்கே தொட்டதே இல்லை. டியூன் பண்ணியவர் அவற்றை ஊகித்து நிரப்பியிருப்பார், இல்லையென்றால் பழையபடியே விட்டிருப்பார்.

கடல்மட்டத்துக்கு வந்து முழு மிதி மிதித்ததும் எஞ்சின் நேரே அந்தக் கட்டங்களுக்குள் போய் நிற்கிறது. வெயிலும் சேர்கிறது. தீப்பொறி முந்தினால் தட்டும். டியூனைக் கீழே வைத்துச் செய்து மேலே கொண்டு வாருங்கள், மேலே செய்துவிட்டுக் கீழே போகாதீர்கள். 95 அடித்தீர்களா என்பதையும் பாருங்கள், மேலே சொன்னதுதான்.

ஓடி முடிச்சதும் அதே கார்ல வீட்டுக்கு வரலாம்தானே?

நானும் அப்படித்தான் வருகிறேன். கடைசி ஓட்டத்தை மெதுவாக முடித்து பிரேக்கை ஆறவிடுங்கள். ஆறிய பிறகு வீல் நட்டை டோர்க் ஸ்பேனரால் பாருங்கள், சிவிக்குக்கு 108 நியூட்டன் மீட்டர். சூடேறி ஆறும்போது இரண்டொன்று தளரும். பேட் எவ்வளவு மிச்சம் என்று வீல் ஓட்டையால் டோர்ச் அடித்துப் பாருங்கள். டயர் ஓரம் கம்பி தெரிகிறதா, கூலன்ட் மட்டம் சரியா என்றும் பாருங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோடு திறக்க வேண்டாம், உள்ளே தண்ணி நூறு பாகைக்கு மேல் அழுத்தத்தில் அடங்கியிருக்கும். நுவரெலியாவில் திறந்த பாத்திரத்தில் தண்ணி 94 பாகையிலேயே கொதித்துவிடும், மூடியைத் திருகியதும் மொத்தமும் முகத்துக்கு வரும். என் இடது முன்கையில் ஒரு தடம் இருக்கிறது, கேட்டால் காட்டுவேன்.